சிரிப்பு ஆயுதமான கதை: பிரெஞ்சுப் புரட்சியில் அரசியல் நையாண்டி

பாரிஸில் 'ஷார்லி எப்தோ' என்ற நையாண்டி வார இதழின் மீது 2015 ஜனவரி 7 அன்று நடந்த தாக்குதலில் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு பிரெஞ்சுக் கேலிச்சித்திரம் எதுவும் செய்தியில் அடிபடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: பிறர் மனத்தைப் புண்படுத்தும் படத்தைக்கூட அந்த நாடு ஏன் உரிமை என்று சொல்கிறது? 1789 புரட்சி தந்த உரிமை அது என்பதே வழக்கமாகக் கிடைக்கும் பதில்.

அந்தப் பதிலில் பாதி உண்மைதான் இருக்கிறது. மன்னரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று மக்களுக்குக் காட்டிய அதே புரட்சி, ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் தன் மிகக் கூர்மையான இரண்டு நையாண்டி எழுத்தாளர்களைப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவிக்கு அனுப்பியது. ஒருவருடைய சாவுக்கு மற்றவருடைய எழுத்தும் துணைபோனது. இந்த இரண்டாம் பாதியையும் அறிந்தால்தான் அந்த உரிமையின் விலை விளங்கும்.

## முதலில் சில சொற்கள்

1. நையாண்டி: அதிகாரத்தில் இருப்பவரின் குறையை மிகைப்படுத்திச் சிரிப்புக்கு இடமாக்கும் எழுத்து அல்லது நடிப்பு.
2. கேலிச்சித்திரம்: அதையே படத்தில் செய்வது. உருவத்தை ஊதிப் பெருக்குவது, மனிதரை விலங்காக்குவது, சொல்விளையாட்டைப் படமாக்குவது ஆகியவை இதன் பழைய உத்திகள்.
3. வசைநூல்: ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி உண்மையும் பொய்யும் கலந்து பரப்பும் சிறு வெளியீடு. புரட்சிக்கு முந்தைய பிரான்சில் இது ஒரு தொழிலாகவே நடந்தது.

இம்மூன்றுக்கும் இடையிலான எல்லைகள் புரட்சியின் போது அழிந்தன. கேடு அங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து.

## முத்திரை இல்லாமல் அச்சில்லை

புரட்சிக்கு முன் பிரான்சில் ஒரு நூலைச் சட்டப்படி அச்சிட மன்னரின் அனுமதி தேவை. அதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட தணிக்கையாளர்கள் இருந்தார்கள். மீறியவரை விசாரணையே இல்லாமல் சிறையில் தள்ள மன்னரின் முத்திரையிட்ட ஒரு கடிதம் போதும். ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஓர்லேயான் கோமகனைக் கிண்டல் செய்து கவிதை எழுதியதற்காக இளம் வோல்தேர் 1717இல் பாஸ்டில் சிறைக்குப் போய், ஏறக்குறைய பதினொரு மாதங்கள் உள்ளே இருந்தார்.

தடை இருந்ததால் சிரிப்பு நின்றுவிடவில்லை. அது எல்லை தாண்டிப் போனது. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் சுவிட்சர்லாந்து நகரங்களிலும் அச்சான வசைநூல்கள் கள்ளத்தனமாக நாட்டுக்குள் வந்தன. பெயர் போட்டு எழுத வழியில்லாத இடத்தில் பொறுப்பும் இருக்காது. மன்னர் ஆண்மையற்றவர், ராணி ஒழுக்கம் கெட்டவர் என்ற வதந்திகள் இந்த வழியாகத்தான் ஊர் முழுக்கப் பரவின.

வெளிப்படையாக நின்று அடித்தவர் பொமார்ஷே. தம் 'ஃபிகாரோவின் திருமணம்' நாடகத்தில் ஒரு வேலைக்காரனைத் தன் பிரபுவுக்கு எதிராக நிறுத்தினார். பிறந்த சிரமத்தைத் தவிர வேறு என்ன செய்து இத்தனை செல்வத்துக்கும் பதவிக்கும் உரியவரானீர்கள் என்று அந்த வேலைக்காரன் கேட்கிறான். நாடகத்தைக் கையெழுத்துப் படியில் கேட்ட பதினாறாம் லூயி, பாஸ்டிலை இடித்துவிட்டுத்தான் இதை மேடையேற்ற முடியும் என்று சொன்னதாக ராணியின் பணிப்பெண் காம்பான் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சில ஆண்டுத் தடைக்குப் பிறகு 1784 ஏப்ரல் 27 அன்று நாடகம் மேடையேறியது. வேலைக்காரனின் கேள்விக்குக் கைதட்டியவர்களில் பிரபுக்களும் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகளில் பாஸ்டில் இடிந்தது.

## கிழவரின் முதுகில் இருவர்

1789இல் வெளிவந்த படங்களில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். புரட்சியின் அரசியல் முழுவதையும் ஒரே தாளில் அடக்கிய படம் அது.

மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து நிற்கிறார் ஒரு கிழட்டு உழவர். அவர் முதுகில் ஒரு பாதிரியாரும் ஒரு பிரபுவும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். "இந்த விளையாட்டு சீக்கிரம் முடியும் என்று நம்புவோம்" என்று கீழே நாட்டுப்புறக் கொச்சைப் பேச்சில் எழுதியிருக்கிறது. பிரபுவின் வாளில் இரத்தத்தால் சிவந்தது என்றும், உழவரின் மண்வெட்டியில் கண்ணீரால் நனைந்தது என்றும் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உழவரின் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் தாள்கள் உப்பு வரி, நில வரி, கூலியில்லாக் கட்டாய வேலை, திருச்சபைக்குத் தரவேண்டிய பத்தில் ஒரு பங்கு ஆகியவற்றைப் பட்டியலிடுகின்றன. அவர் காலடியில் முயல்களும் பறவைகளும் பயிரைத் தின்றுகொண்டிருக்கின்றன.

இந்த முயல்கள் அலங்காரத்துக்காக வரையப்பட்டவை என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். அன்றைய உழவருக்கு அவை நெஞ்சில் தைத்த முள். வேட்டையாடும் உரிமை பிரபுக்களுக்கு மட்டுமே இருந்தது. தன் பயிரைத் தின்னும் முயலையும், பிரபுவின் மாடத்துப் புறாவையும் உழவர் கொல்லக் கூடாது. 1789 ஆகஸ்ட் 4 இரவு தேசிய சபை நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழித்தபோது, வேட்டை உரிமையும் புறா வளர்க்கும் தனியுரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தன. சட்டசபை தீர்மானமாக எழுதியதைப் படம் இரண்டு முயல்களில் காட்டியது.

இதற்கு இணையாக இன்னொரு படமும் வந்தது. அதில் உழவர் பிரபுவின் முதுகில் உட்கார்ந்து, நம் முறை வரும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். "மன்னர் வாழ்க, நாடு வாழ்க" என்ற முழக்கமும் அந்தப் படத்தில் உண்டு. 1789இன் சிரிப்பு மன்னரைத் தொடவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## படம் ஏன் முந்திக்கொண்டது?

1. எழுத்தறிவு குறைவு. புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரிந்தவர்கள் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர்; பெண்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேல். படத்தைப் புரிந்துகொள்ள எழுத்து தேவையில்லை.
2. செய்யும் முறை எளிது. மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் வரைந்து, அமிலத்தில் ஊறவைத்தால் கோடுகள் அரித்து ஆழமாகும். அதில் மையிட்டு அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி விற்பார்கள். ஒரு நிகழ்ச்சி நடந்த சில நாட்களில் படம் கடைக்கு வந்துவிடும்.
3. விற்கும் இடம் தெரு. பாரிஸின் சேன்-ழாக் தெருவில் படக்கடைகள் வரிசையாக இருந்தன. வாங்கக் காசில்லாதவரும் கடை முகப்பில் தொங்கும் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

இதோடு சட்டமும் மாறியது. 1789 ஆகஸ்ட் 26 அன்று ஏற்கப்பட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 11ஆம் பிரிவு, எவரும் பேசலாம், எழுதலாம், அச்சிடலாம் என்றது. சட்டம் வரையறுக்கும் இடங்களில் அந்தச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தது. 'தவறான பயன்பாடு' எது என்பதை யார் முடிவு செய்வது? அடுத்த நூறு ஆண்டுச் சண்டை அந்த ஒரு வாசகத்தின் மீதுதான் நடந்தது.

சுதந்திரத்தை முதலில் நன்றாகப் பயன்படுத்தியவர்களில் மன்னரின் ஆதரவாளர்களும் உண்டு. பெல்தியே, ரிவரோல், சுலோ போன்றோர் எழுதிய 'அப்போஸ்தலர் நடபடிகள்' என்ற இதழ் 1789 நவம்பரிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் புரட்சித் தலைவர்களைக் கிழித்தது. அரசியலில் இறங்கிய பெண்ணான தெருவாய்ன் த மெரிகூரை அது விடாமல் ஆபாசமாகக் கேலி செய்தது. 1792 ஆகஸ்ட் 10 அன்று, மன்னராட்சி விழுந்த நாளில், சுலோ கூட்டத்தின் கையில் சிக்கினார். அவரை அடையாளம் கண்டு பிடித்தவர் தெருவாய்ன்தான் என்று சொல்லப்படுகிறது. கூட்டம் அவரைக் கொன்றது.

## மன்னர் பன்றியானபோது

பதினாறாம் லூயி 1791 ஜூன் 20 இரவு குடும்பத்துடன் மாறுவேடத்தில் பாரிஸை விட்டுத் தப்பினார். மறுநாள் இரவு வரேன் என்ற சிற்றூரில் பிடிபட்டு, 25ஆம் தேதி திரும்பக் கொண்டுவரப்பட்டார். அதுவரை நல்ல தந்தையாக, தீய ஆலோசகர்களால் ஏமாற்றப்பட்டவராக வரையப்பட்ட மன்னர் அந்த வாரத்திலிருந்து பன்றியானார். மன்னர் குடும்பத்தைப் பன்றிக் கூட்டமாகத் தொழுவத்துக்கு ஓட்டி வரும் படம் கடைகளில் தொங்கியது.

வேறு விலங்குகள் இருக்கப் பன்றியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. லூயி பெருந்தீனிக்காரர் என்ற பேச்சு ஊரில் இருந்தது. சிங்கமாக வரைந்தால் அச்சம் மிஞ்சும், நரியாக வரைந்தால் சூழ்ச்சிக்கு மதிப்பு மிஞ்சும். பன்றியோ தின்று கொழுப்பது. பிரெஞ்சு உழவர் வீட்டில் கொழுத்த பன்றியின் முடிவு எல்லாருக்கும் தெரியும். 1793 ஜனவரி 21 அன்று லூயியின் தலை விழுவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே படம் அவரைக் கொல்லத்தக்க பிராணியாக்கியிருந்தது. படம்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கொல்வதை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தைப் படம் உண்டாக்கியது.

ராணிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடியது. மரி அந்துவானெத் ஆஸ்திரியாவில் பிறந்தவர். ஆஸ்திரியப் பெண் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முடிவு 'பெண் நாய்' என்ற சொல்லாகவும் ஒலிக்கும். அந்தச் சிலேடையை வைத்து எத்தனையோ படங்களும் பாட்டுகளும் வந்தன. 1793 அக்டோபரில் அவர் விசாரிக்கப்பட்டபோது, எட்டு வயது மகனுடன் அவர் தகாத உறவு கொண்டார் என்று ஒருவர் கூண்டேறிச் சாட்சி சொன்னார். இங்கிருக்கும் தாய்மார்கள் அனைவரையும் சாட்சிக்கு அழைக்கிறேன் என்று ராணி பதில் கொடுத்தார். இருபது ஆண்டு வசைநூல்களின் பாணியிலேயே அமைந்த பொய், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டாகப் பதிவானது. அக்டோபர் 16 அன்று அவர் கொல்லப்பட்டார்.

அந்தச் சாட்சியின் பெயர் ழாக்-ரெனே எபேர். நாட்டில் பெரிதும் படிக்கப்பட்ட நையாண்டி இதழின் ஆசிரியர்.

## எபேரும் தெமூலானும்

எபேரின் இதழின் பெயர் 'துஷேன் பெரியவர்'. துஷேன் சந்தைக் கூத்துகளிலிருந்து வந்த கற்பனைப் பாத்திரம்: அடுப்பு விற்பவர், வாயில் புகைக்குழாய், பேச்சில் வரிக்கு வரி கெட்ட வார்த்தை. ஒவ்வோர் இதழும் 'துஷேன் பெரியவரின் பெருங்கோபம்' அல்லது 'பெருமகிழ்ச்சி' என்ற தலைப்புடன் வரும். மேல்தட்டு மொழியில் மட்டுமே அரசியல் பேசப்பட்ட நாட்டில், கூலித் தொழிலாளியின் வாய்மொழி அச்சேறியது பெரிய உடைப்பு. அதை மறுக்கக் கூடாது.

1793இல் நிலைமை மாறியது. போர் அமைச்சகம் அரசுப் பணத்தில் இந்த இதழை வாங்கிப் படைவீரர்களுக்கு அனுப்பியது. கோபக்காரக் கிழவர் அரசின் குரலானார். கில்லட்டினைத் 'தேசியச் சவரக்கத்தி' என்றும், தலையை வெட்டுவதைச் 'சிறு சாளரத்தில் எட்டிப் பார்ப்பது' என்றும் சொல்லி வாசகரைச் சிரிக்கவைத்தார். சாவை அன்றாட வேடிக்கையாக்கும் சொற்கள் அவை.

காமில் தெமூலான் வேறு வகை. சட்டம் படித்தவர், திக்குவாயர், இலத்தீன் இலக்கியத்தில் ஊறியவர். 1789 ஜூலை 12 அன்று பாலே ருவாயால் தோட்டத்தில் மேசை மீதேறி மக்களை ஆயுதம் எடுக்க அழைத்தவர் அவரே. அவரும் கறை இல்லாதவர் அல்லர். கூட்டம் ஆட்களைத் தெருவிளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்ட அந்த ஆண்டில், தம்மை 'விளக்குக் கம்பத்தின் அரசு வழக்கறிஞர்' என்று அழைத்துக்கொண்டு வேடிக்கையாக எழுதினார். 1793இல் பிரிசோ என்ற தலைவரையும் அவர் அணியினரான ழிரோந்தினரையும் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அக்டோபர் இறுதியில் அவர்களில் இருபத்தொரு பேருக்கு மரண தண்டனை அறிவிக்கப்பட்டபோது, என் நூல்தான் இவர்களைக் கொல்கிறது என்று தெமூலான் கதறியதாகத் தீர்ப்பாயத்தின் ஜூரி ஒருவர் பின்னர் எழுதினார்.

ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 5 அன்று, 'பழைய கொர்தெலியே' என்ற புதிய இதழைத் தொடங்கினார். அதன் மூன்றாம் இதழ் பிரெஞ்சு நையாண்டியின் சிகரம் என்று நான் கருதுகிறேன். அப்போது நடைமுறையில் இருந்த சந்தேகத்துக்குரியவர்கள் சட்டம், நடத்தையாலோ தொடர்பாலோ பேச்சாலோ எழுத்தாலோ கொடுங்கோன்மைக்கு ஆதரவானவராகத் தெரிபவரைக் கைது செய்யச் சொன்னது. தெமூலான் அந்தச் சட்டத்தின் பெயரையே எடுக்கவில்லை. பண்டைய ரோமாபுரியின் கொடுங்கோலர்களைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியதைச் சொல்கிறேன் என்று தொடங்கினார். மக்களிடம் செல்வாக்கு உள்ளவரா? சந்தேகத்துக்குரியவர். செல்வாக்கை வெறுத்து வீட்டோடு இருக்கிறவரா? சந்தேகத்துக்குரியவர். செல்வந்தரா, ஏழையா, முகம் வாடியவரா? எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்களே. ரோமைப் பற்றிய ஒவ்வொரு வரியிலும் பாரிஸ் தன் முகத்தைக் கண்டது. அடுத்த இதழில் கருணைக் குழு ஒன்றை அமைக்கச் சொன்னார். அதற்கடுத்த இதழில் எபேர் வாங்கிய அரசுப் பணத்தின் கணக்கை வெளியிட்டார்.

1794 ஜனவரி 7 அன்று புரட்சியாளர்களின் யாக்கோபின் கழகத்தில், தெமூலானின் பள்ளித் தோழரும் அப்போதைய ஆட்சியின் முதன்மைத் தலைவர்களில் ஒருவருமான ரோபெஸ்பியர், அந்த இதழ்களைத் தீயிட்டால் போதும் என்று அவரைக் காக்கும் தொனியில் சொன்னார். "எரிப்பது பதிலாகாது" என்றார் தெமூலான். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவரைக் காப்பாற்ற யாரும் இல்லை.

எபேர் மார்ச் 24 அன்று கில்லட்டினுக்குப் போனார். அவர் எழுதிப் பழக்கிய சொற்களையே கூட்டம் அவரைப் பார்த்துக் கூவியது. தெமூலான் ஏப்ரல் 5 அன்று புரட்சித் தலைவர் தாந்தோனுடன் போனார். ஏப்ரல் 13 அன்று தெமூலானின் மனைவி லூசிலும் எபேரின் மனைவியும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கொல்லப்பட்டார்கள். கணவர்கள் ஒருவரையொருவர் எழுத்தால் கொன்றுகொண்டிருந்தார்கள். மனைவியர் இறுதி நேரத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன.

## எங்கே திரும்பியது?

1. சிரிக்கப்பட்டவர் பதிலுக்குச் சிரிக்க முடிந்தவரை நையாண்டி நையாண்டியாக இருந்தது. 1792 ஆகஸ்ட் 10க்குப் பிறகு மன்னர் ஆதரவு இதழ்கள் மூடப்பட்டன. 1793 மார்ச் 29 ஆணை, மன்னராட்சியை மீட்கச் சொல்லும் எழுத்துக்கு மரண தண்டனை விதித்தது. மறுபக்கம் வாய் மூடியதும், இந்தப் பக்கத்துக் கேலி வெறும் குற்றச்சாட்டாகிவிட்டது.
2. அரசே நையாண்டியின் முதலாளியானது. 1793இல் நாட்டை ஆண்ட பொதுநலப் பாதுகாப்புக் குழு, ஓவியர் தவீதிடம் பகைவர்களைக் கேலி செய்யும் படங்கள் கேட்டது. அவர் ஆங்கிலேயப் படையை மண்குடங்களாக வரைந்தார். குடம் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மூடன் என்றும் பொருள். தொழில்நுட்பத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் படங்கள் பாரிஸில் இருந்த எந்த அதிகாரத்தையும் தொடவில்லை.
3. கேலி நடத்தையை விட்டு உடலையும் பிறப்பையும் பற்றியது. செய்ததற்காகக் கேலி செய்யப்பட்டவர் செய்கையை மாற்றிக்கொள்ளலாம். பன்றியாக்கப்பட்டவர் என்ன செய்ய முடியும்?

ரோபெஸ்பியரைக் கேலி செய்யும் மிகப் புகழ்பெற்ற படத்தில் அவர், பிரான்சில் எல்லாரையும் வெட்டி முடித்துவிட்டு, மிஞ்சிய ஒரே ஆளான தலைவெட்டும் பணியாளனையும் தம் கையாலேயே கில்லட்டினில் வெட்டுகிறார். பின்னணியில் காடுபோல் கில்லட்டின்கள். ஒரு கல்லறைத் தூணில் "இங்கே பிரான்ஸ் முழுவதும் உறங்குகிறது" என்ற எழுத்து. எவ்வளவு துல்லியமான படம்! அது வெளிவந்தது 1794 ஜூலை 28 அன்று அவர் இறந்த பிறகு.

## பிறகு நடந்தவை

நெப்போலியன் 1800 ஜனவரியில் பாரிஸின் அரசியல் இதழ்களில் பதின்மூன்றை மட்டும் விட்டுவைத்தார். லண்டனுக்குத் தப்பிய பெல்தியே அங்கிருந்தும் கிண்டல் செய்ததால், 1803இல் அவர் மீது ஆங்கிலேய நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரச் செய்தார்.

1830 புரட்சி லூயி பிலிப்பை மன்னராக்கியது. தணிக்கை இனி ஒருபோதும் வராது என்று அரசியல் சாசனமும் சொன்னது. மறு ஆண்டே இதழாசிரியர் பிலிப்போன் மன்னரைக் கேலி செய்ததாகக் கூண்டில் நின்றார். மன்னரின் முகம் நான்கு படிகளில் பேரிக்காயாக மாறுவதை வரைந்து காட்டி, எந்தப் படியில் குற்றம் தொடங்குகிறது என்று கேட்டார். பேரிக்காய் என்ற சொல் பிரெஞ்சில் ஏமாளியையும் குறிக்கும். ஆறு மாதச் சிறை கிடைத்தது. பாரிஸின் சுவர்களெல்லாம் பேரிக்காய் முளைத்தது. 1835 செப்டம்பரில் வந்த சட்டம், எழுத்து கருத்து, படமோ செயல் என்று வாதிட்டுப் படங்களுக்கு மட்டும் முன்தணிக்கையைக் கொண்டுவந்தது.

1881 ஜூலை 29 அன்று வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம்தான் நிலையான பாதுகாப்பைத் தந்தது. பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிகளுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. 1908இல் ஆங்கிலேய அடக்குமுறையால் சென்னையில் நிலைக்க முடியாமல் போன பாரதியாரின் 'இந்தியா' இதழ், பிரெஞ்சுப் புதுச்சேரியிலிருந்து தன் கேலிச்சித்திரங்களோடு தொடர்ந்து வெளிவந்ததற்குப் பின்னால் இந்த வேறுபாடும் இருக்கிறது.

அந்தச் சட்டத்திலும் ஒரு பழைய எச்சம் இருந்தது: குடியரசுத் தலைவரை இழிவுபடுத்துவது குற்றம். 2008இல் லவால் நகருக்கு வந்த அப்போதைய குடியரசுத் தலைவர் சர்கோசியின் முன், ஒருவர் சிறிய அட்டை ஒன்றை உயர்த்திப் பிடித்தார். சில மாதங்களுக்கு முன் வேளாண் கண்காட்சியில் தம்முடன் கைகுலுக்க மறுத்தவரிடம் சர்கோசி சொன்ன அதே வசைச் சொற்கள் அதில் இருந்தன. அட்டை பிடித்தவருக்கு 30 யூரோ அபராதம் விதித்து, அதையும் நிறுத்திவைத்தது பிரெஞ்சு நீதிமன்றம். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். இப்படித் தண்டிப்பது சமூகப் பிரச்சினைகளைப் பற்றிய நையாண்டியை முடக்கும் என்று 2013 மார்ச்சில் அது தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றம் அந்தக் குற்றப் பிரிவைச் சட்டத்திலிருந்து நீக்கியது.